கடைசிப் பஸ்ஸும் கடைக்கோடி ஊரும்

பருத்தித்துறை நீதிமன்ற வாசலில் சில காலத்துக்கு முன்னர் நாம் கண்ட காட்சியொன்றை முதலிற் சொல்லிவிடுகின்றோம். வடமராட்சி கிழக்கின் கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து தாபரிப்பு வழக்குக்காக வரவேண்டிய பெண்ணொருத்தி, வழக்குக் கூப்பிட்டு முடிந்து ஒரு மணி நேரம் கழிந்தபின், கைக்குழந்தையோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். வழக்காளி சமுகமளிக்கவில்லை என்ற காரணத்தால் வழக்கு அதற்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது. காலையில் வரவேண்டிய பஸ் அன்று வரவில்லை என்றாள். மீன் ஏற்றிவந்த வாகனமொன்றில் இடங்கேட்டுப் பாதி வழி வந்தாளாம். மீதி வழிக்கு முச்சக்கர வண்டி பிடித்தாளாம். அந்த முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த பணம் பிள்ளையின் பால்மாவுக்கென முடிச்சில் வைத்திருந்த பணம். இனி வழக்கைத் திரும்ப எடுப்பிக்க மனுச் செய்யவேண்டும். அதற்கும் ஒரு நாள். அதற்கும் ஒரு பஸ்!

அன்று வராத வண்டி எது, யாருடையது என்பதை நாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சாரதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. எம்மைத் தொட்ட கேள்வி வேறு. அப்பெண் எம்மிடம் வந்து, “ஐயா, பஸ் விடாதவரிடம் நட்டம் கேட்கலாமோ?” என்று வினவியிருந்தால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகங்களைப் புரட்டிய நாம் என்ன விடை சொல்லியிருப்போம்? வண்டி புறப்பட வேண்டிய நேரம் இதுவென்று காட்டும் அட்டவணையொன்றை அவளுடைய ஊர்த் தரிப்பிடத்தில் நாம் கண்டதில்லை. வழி அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கலாம். அவை அனுமதி கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலுள்ள சங்கதி. பயணி அந்த உடன்படிக்கையில் மூன்றாம் ஆள். தெருவோரத்தில் நிற்பவளுக்கு அதில் இடமேயில்லை.

இந்த நிலை ஒரு நாளில் வந்ததன்று. எம் நாட்டில் பஸ் ஓடிய கதையைச் சட்டத்தின் வழியே பின்னோக்கிச் சென்று பார்த்தால், எல்லாக் காலத்திலும் வண்டியின் சொந்தக்காரர் யார் என்பதைப் பற்றியே வாதம் நடந்திருக்கின்றது என்பதும், வண்டிக்காகக் காத்து நிற்பவரின் உரிமை என்ன என்பது எக்காலத்திலும் கேட்கப்படவில்லை என்பதும் விளங்கும்.

முதிய தலைமுறையினர் சொல்லும் பழங்கதைகளில் வரும் பஸ்கள் பலகையடித்த உடம்புள்ளவை. சொந்தக்காரரே சாரதியாயிருப்பார், அவர் மைத்துனரோ மருமகனோ சீட்டுக் கொடுப்பார். ஒரே வழியில் நாலைந்து பேர் போட்டியிட்டு ஓடுவர். சந்தியில் நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவர். ஆள் நிறையும்வரை அசையமாட்டார். நிறைந்தபின் பின்னால் வருபவனை முந்தவிடாமற் பறப்பர். இந்த அலங்கோலத்தை ஒழுங்குபடுத்தவே 1942 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க ஒம்னிபஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரு வழியில் ஏற்கெனவே அனுமதி பெற்று ஓடிய உடைமையாளர் யாவரும் ஒன்றுகூடி அமைத்த கம்பெனிக்கோ பங்குடைமைக்கோ முதலிடம் கொடுக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் அட்டவணை வகுத்த நியதி. தனித்தனி வண்டிக்காரர் பங்குதாரராயினர். பஸ் கம்பெனி என்ற பெயர் ஊர்தோறும் எழுந்தது. போட்டி ஒழிந்தது, அதனிடத்தில் ஏகபோகம் வந்து அமர்ந்தது. ஒரு வழி ஒருவருடையது என்றால் அந்த வழியில் வாழ்பவரும் அவருடைய வாடிக்கையாளராகவே பிறந்து சாகவேண்டும் என்றாகியது.

அக்காலத்து வழக்குத் தீர்ப்புத் தொகுதிகளை எடுத்துப் பார்ப்போர், பஸ் அனுமதி பற்றிய வழக்குகள் மலிந்து கிடப்பதைக் காண்பர். உயர்நீதிமன்றம் போயிற்று, கடல்கடந்து பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில் வரையும் போயிற்று. எங்கும் நாம் காண்பது கம்பெனி கம்பெனியை எதிர்த்து நடத்திய வழக்கே. பயணியொருவர் வழக்காளியாக நின்று, “என் ஊருக்கு வண்டி விடு” என்று கேட்ட வழக்கொன்றும் எம் கண்ணிற் படவில்லை. எம் தொழிலைச் சேர்ந்த முன்னோருக்கு அக்காலம் நல்ல காலமாயிருந்திருக்கும்; அதை மறுப்பதற்கில்லை.

1948 இல் இரத்தினம் ஆய்வு, 1954 இல் சன்சோனி ஆய்வு, 1956 இல் ஜயரத்ன பெரேரா ஆய்வு என மூன்று ஆய்வுகள் நடந்தன. மூன்றும் பஸ் சேவையைத் தேசியமயமாக்க வேண்டும் என்ற முடிவையே கூறின. 1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசாங்கம், மைத்திரிபால சேனநாயக்கா போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958 ஜனவரி 1 ஆம் திகதி எழுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் வண்டிகள் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு மாறின. வடபகுதிக் கம்பெனிகளும் அவற்றோடு மறைந்தன.

அத் தேசியமயம் தவறு என்று சொல்பவர் கூட்டத்தில் நாம் இல்லை. கொள்கை சரியானது. ஆனால் அக்கொள்கை எந்த முகத்தோடு எம்மிடம் வந்தது என்பதை மறக்கவும் முடியாது. 1957 ஜனவரி முதல் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் சிங்கள “ஸ்ரீ” எழுத்துப் பொறிக்கப்படவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. பொதுமக்களுக்குரிய பஸ்கள் 1958 ஆம் ஆண்டு முற்பகுதியில் அந்த எழுத்தைத் தாங்கிக்கொண்டே வடக்கே அனுப்பப்பட்டன. 1957 ஜூலை 26 ஆம் திகதி கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தின் மை அப்பொழுது நன்றாகக் காய்ந்தும் இராது. ஸ்ரீ எழுத்தைத் தார் பூசி அழிக்கும் இயக்கம் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளிற் பதிலுக்குத் தார் பூசப்பட்டது. 1958 ஏப்ரில் 9 ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாடு இரத்தத்தில் நனைந்தது. ஒரு பஸ்ஸின் நெற்றியிலிருந்த ஓரெழுத்து இத்தனைக்கும் காரணமன்று. ஆயினும், மக்களுக்கென வந்த வண்டியை மக்களைக் கேளாமல் அனுப்பினால் என்ன நேரும் என்பதை அது காட்டிற்று.

இதைச் சொன்ன வாயாலேயே மற்றதையும் சொல்லவேண்டும். சபையின் பஸ்தான் வடமராட்சிப் பெண்பிள்ளைகளை நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் படிக்கக் கொண்டுபோனது. ஆசிரியை ஒருத்தி தனியாகக் காலையிற் புறப்பட்டு, மாலையில் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது அந்தச் சிவப்பு வண்டிதான். சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குப் புறப்படவேண்டும். விடியுமுன் முதல் பஸ். இரவு கடைசிப் பஸ். அந்தக் கடைசிப் பஸ் இரவில் வந்து ஊரிலேயே தங்கிக் காலையிற் புறப்படும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சாரதிக்குச் சாப்பாடு கொடுத்த வீடுகளை இன்றும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். உச்சக் காலத்தில் ஏறக்குறைய 7,000 வண்டிகளும் 50,000 க்கு மேற்பட்ட ஊழியரும் கொண்டு உலகத்தின் மிகப்பெரிய பஸ் நிறுவனம் என்ற பெயரைச் சபை பெற்றிருந்தது. ஊழல் இருந்தது, கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கும் மடமாகவும் அது சீரழிந்தது, நட்டம் ஏறிக்கொண்டே போனது. எனினும் கடைக்கோடி ஊருக்கும் வண்டி போகவேண்டும் என்ற கடமை எழுதாத சட்டமாக அங்கே நிலவியது.

பின்வந்தவை எல்லாம் பெயர்மாற்றப் படலங்கள். 1978 இல் ஒரு மத்திய சபையும் ஒன்பது பிராந்தியச் சபைகளும். 1979 இல் தனியார் பஸ்களுக்கு மறுபடியும் வாசல் திறப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்திற் சாலைகளைத் தனித்தனிக் கம்பெனியாக்கும் “மக்கள்மயம்”. பின் அவற்றைக் கூட்டிப் பிராந்தியக் கம்பெனிகள். 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் மீண்டும் ஒரே இலங்கைப் போக்குவரத்துச் சபை. இத்தனை அவதாரத்துக்கும் நடுவில் சந்தியில் நின்றவர் அதே சந்தியில் அதே குடையோடு நின்றார்.

எமக்கோ அக்காலத்தில் வேறு கதை. தெற்கில் சபையைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தபொழுது இங்கே போர். 1990 முதல் எரிபொருள் தடை. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும், துவிச்சக்கர வண்டியும், இரு சில்லு உழவு இயந்திரமுமே எமது போக்குவரத்துச் சபை. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் கொழும்புக்குப் போக விரும்பியவர் கப்பலுக்குப் பெயர் பதிந்து காத்துக் கிடந்ததையும் வடமராட்சியார் மறந்திருக்கமாட்டார்.

இவ்விடத்தில் தட்டிவானைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமற் போவது பாவம். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மற்றெங்கும் அது மறைந்தபின்னும் நெடுங்காலம் ஓடிய வாகனம் அது. பழைய லொறியின் எலும்புக்கூட்டின்மேற் பலகையால் உடம்பு கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு, பின்னாலே தட்டியொன்றைத் தொங்கவிட்டிருப்பர். கூரையில் வாழைக்குலை, தேங்காய் மூட்டை, பனங்கிழங்குக் கட்டு, கடகம். உள்ளே அவற்றின் சொந்தக்காரர். கமக்காரனும் அவன் விளைவித்த பொருளும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், சந்தைக்குப் போய்ச் சேர்ந்தனர். இதைப் படம்பிடித்துப் பழம்பெருமை பேசுவோர் உண்டு. அது எமக்கு வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, அந்த வாகனம் ஊரின் தேவையைப் பார்த்து ஊரிலேயே செய்யப்பட்டது என்பதை. இன்று கரவெட்டியிலோ துன்னாலையிலோ ஒருவர் இரண்டு மூட்டை வெங்காயத்தோடு தெருவில் நின்றால் எந்தப் பஸ் அவரை ஏற்றுகின்றது? மூட்டையைக் கண்டதும் நடத்துநர் கையை ஆட்டிவிடுகின்றார். கமக்காரன் தனி வாகனம் பிடிக்கின்றான். வாடகையைக் கழித்தால் வெங்காயத்தில் மிஞ்சுவது தோல்தான்.

இன்றைய நிலைக்கு வருவோம். யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வழி இருபது மைல். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை வெளி, நெல்லியடி, மந்திகை எனச் சனம் நிறைந்த ஊர்களினூடே போகும் 750 ஆம் இலக்க வழியில் வண்டிக்குக் குறைவில்லை. இ.போ.ச. வண்டியும் தனியார் வண்டியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. நாளின் வசூலை எண்ணி அதிற் சாரதிக்கும் நடத்துநருக்கும் பங்கு கொடுக்கும் முறையில் ஓடும் வண்டி, ஆள் சேரும்வரை சந்தியில் ஊரும். சேர்ந்தபின் வல்லை வெளியிற் பறக்கும். 1942 க்கு முன்னர் எதை ஒழிக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்களோ, அதே காட்சி! ஆனால் அதே பருத்தித்துறையிலிருந்து கிழக்கே குடத்தனை, அம்பன், நாகர்கோவில் தாண்டி மருதங்கேணி, தாளையடிப் பக்கம் போகவேண்டியவரைக் கேட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் பருத்தித்துறையில் நிற்க நேர்ந்தால் அவர் படும் பாட்டை அவரே சொல்வார். மந்திகை வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்க வந்தவர், பார்வையாளர் நேரம் முடியுமுன் பஸ்ஸுக்கு ஓடுகின்றார். ஓடாதவர் வைத்தியசாலைத் திண்ணையிற் படுக்கின்றார்.

இதற்கு அடிப்படை என்ன? ஒரே தெருவுக்கு இரண்டு எசமானர். இ.போ.ச. கொழும்பிலுள்ள மத்திய அரசின் சபை. பருத்தித்துறைச் சாலைக்குப் புதிய வண்டியா பழைய வண்டியா, உதிரிப்பாகம் எப்பொழுது என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுவன. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களோ மாகாண அதிகாரசபையின் அனுமதியில் ஓடுகின்றன. 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம், மாகாணத்துக்குள் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாண சபையின் நிரலிற் சேர்த்தது. சேர்த்ததோடு சரி, சபையின் வண்டி மட்டும் அந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கின்றது. இரு பகுதியாரையும் ஒரே நேர அட்டவணையில் இணைக்க எடுத்த முயற்சிகள் இழுபறியில் முடிவதையும், வேலைநிறுத்தமாக வெடிப்பதையும் நாம் பார்த்து வருகின்றோம். 2021 இல் யாழ் நகரில் நெடுந்தூரச் சேவைகளுக்கெனத் திறக்கப்பட்ட நிலையத்துக்குப் போவதா விடுவதா என்பதிலும் பிணக்கு. வடமாகாண சபைக்கு 2013 இல் நடந்த தேர்தலே முதலாவது. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின் அதிகாரம் ஆளுநர் கையில் தங்கிவிட்டது. மக்கள் தெரிந்த ஒருவரிடம் சென்று, “எங்கள் பஸ் எங்கே?” என்று கேட்கும் வழியும் அத்துடன் அடைபட்டது.

சபை ஊழியர் சொல்வதில் நியாயம் உண்டு. மாணவரின் பருவகாலச் சீட்டையும் ஆளில்லா வழிகளையும் தாம் சுமக்க, ஆள் நிறைந்த நேரத்தைத் தனியார் கொள்ளையிடுகின்றனர் என்கின்றனர். தனியார் உடைமையாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடன்பட்டு வண்டி வாங்கியவர். 2022 எரிபொருள் நெருக்கடியில் டீசலுக்கு வரிசையில் நின்று வாழ்வைத் தொலைத்தவர். போருக்குள்ளும் போருக்குப் பின்னும் சபை போகாத நேரங்களில் ஓடியவர். இரு பகுதியும் எம்மவரே. ஒருவரை மற்றவர்மேல் ஏவிவிட்டுக் கைதட்டும் அரசியல் எமக்கு வேண்டாம். இரு பகுதியாரின் முறைப்பாட்டிலும் பயணியின் பெயர் மட்டும் வராதது ஏன் என்பதே எம் கேள்வி.

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. இலாபமுள்ள வழியின் அனுமதியை இலாபமற்ற வழியோடு முடிந்து கொடுங்கள். 750 ஆம் வழியில் ஓட விரும்புபவர், வாரத்தில் இத்தனை நாள் வடமராட்சி கிழக்குக்கும் ஓடவேண்டும். காலை முதல் வண்டியும் இரவுக் கடைசி வண்டியும் முறைவைத்துப் போகவேண்டும். தவறினால் முதலிற் பறிபோவது இலாபமுள்ள நேரமாயிருக்கட்டும். இது நடக்கக்கூடியதா என்று புருவத்தை உயர்த்துவோர் அக்கரையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1997 இல் வந்த சிற்றுந்துத் திட்டம், பஸ் போகாத கிராமங்களை வழியிற் பெரும்பங்காகக் கொண்டால்தான் தனியாருக்கு அனுமதி என்று விதித்தது. கிராமத்துக்குப் போ, அதற்குப் பரிசாகப் பட்டினத்தையும் தொடு என்பது அதன் கருத்து. அத்திட்டமும் குறையில்லாததன்று, டீசல் விலை ஏறப் பல வண்டிகள் நின்றன. ஆனால் அனுமதி என்பது உரிமை மட்டுமன்று, கடமையும்தான் என்ற விதையை அது ஊன்றியது.

நட்டத்தை யார் கொடுப்பது என்று கணக்கர்கள் கேட்பர். பருவகாலச் சீட்டுக்கும் வருவாயற்ற வழிகளுக்கும் அரசாங்கம் இன்றும் இ.போ.ச.வுக்குப் பணம் கொடுக்கின்றது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான “சிசு செரிய” சேவைக்கும் பொதுப்பணமே செல்கின்றது. அப்பணம் பிள்ளைக்காகவும் ஊருக்காகவும் கொடுக்கப்படுவதானால், பிள்ளையை ஏற்றும் வண்டி எந்த நிறமாயிருந்தால் என்ன? தனியார் பஸ்ஸும் பருவகாலச் சீட்டை ஏற்கட்டும். கணக்குக் காட்டி மீதியைப் பெறட்டும். சீட்டே கொடாமற் காசை மட்டும் வாங்கிப் பையிற் போடும் வழக்கம் அதனால் ஒழியும் என்பது மேலதிக இலாபம், சீட்டில்லாமற் கணக்கில்லையன்றோ!

எல்லாத் தரிப்பிடங்களிலும் நேர அட்டவணை ஒட்டப்படவேண்டும். அது தமிழிற் பிழையின்றி எழுதப்படவேண்டும் என்று சொல்லவேண்டியிருப்பதே வெட்கம். அனுமதி புதுப்பிக்கும்பொழுது பிரதேச சபை மண்டபத்திற் பகிரங்க விசாரணை நடத்தி, ஊரவரைக் கேட்டபின் புதுப்பிக்கவேண்டும். காலைச் சந்தை நேரத்து வண்டி ஒன்றிரண்டிலாவது மூட்டை ஏற்ற இடம் ஒதுக்கி, அதற்கொரு நியாயமான கட்டணம் விதிக்கவேண்டும். இவை எதற்கும் அரசியலமைப்பை மாற்றவேண்டியதில்லை. மாகாண அதிகாரசபைக்கு மனம் வந்தாற் போதும். சபையின் வண்டியும் அதே அட்டவணைக்குக் கட்டுப்படவேண்டும் என்பதற்கு மட்டும் கொழும்பின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது எம் பாராளுமன்ற உறுப்பினரின் வேலை.

ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம். இக்கட்டுரையை எழுதும் நாமும் இதை வாசிக்கும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளிற் பெரும்பாலாரும் பஸ்ஸில் ஏறி ஆண்டுகள் பல. மோட்டார்ச் சைக்கிளோ காரோ வாங்கக்கூடியவர் ஒவ்வொருவராக இறங்கிவிட்டோம். எஞ்சி நிற்பவர் மாணவரும் முதியவரும் விதவையரும் கூலியாட்களும். குரல் உள்ளவர் இறங்கிய வண்டியில் குரல் இல்லாதவர் நிற்பதால்தான் அது வராவிட்டாலும் நாட்டில் அசைவில்லை. சென்ற மாதம் நாம் வேண்டுமென்றே காரை வீட்டில் விட்டு, ஒரு வாரம் பஸ்ஸிற் போய் வந்தோம். இரண்டு நாள் நீதிமன்றத்துக்குப் பிந்தினோம். நீதவான் எம்மைப் பார்த்த பார்வையில் அந்தத் தாபரிப்பு வழக்குப் பெண்ணின் நினைவு வந்தது. எமக்கு வழக்குத் தள்ளுபடியாகவில்லை, அவளுக்காயிற்று.

வடமராட்சியின் ஒவ்வொரு கிராமத்திலுமிருந்து நாம் வேண்டுவது இதுதான். உங்கள் சந்தியிற் காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு வருகின்றது, இரவுக் கடைசி வண்டி எத்தனை மணிக்குப் போகின்றது, இடையில் எத்தனை வண்டி, எந்த நாள் வராமல் விட்டது என்பதை ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். சனசமூக நிலையங்களிலுள்ள இளைஞர் இதை எளிதிற் செய்யலாம். திகதியும் நேரமும் திருத்தமாக இருக்கட்டும். கோபம் வேண்டாம், சாரதியின் பெயரும் வேண்டாம். அக்கொப்பிகளை இப்பத்திரிகையின் அலுவலகத்துக்கு அனுப்பினால், அவற்றைத் தொகுத்துச் சத்தியக் கடதாசியோடு அதிகாரசபையின் முன் வைக்கும் வேலையை நாம் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். வடமராட்சி கிழக்கிலிருந்து அனுப்புவோர் தபாலுக்குக் காத்திராமல், நீதிமன்றத்துக்கு வரும் நாளில் எம்மிடமே நேரிற் கொடுக்கலாம். பிந்தி வந்தாலும் நாம் வாசலில் நிற்போம்.